8ஆம் வகுப்பு அடங்கவே மாட்டேன் என்கிறது. பிரம்பு இல்லாமல் என்ன செய்வது?

கேள்வி: 14 ஜூன் 2025

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்து 10 நாள் ஆகிறது. 8ஆம் வகுப்பில் 41 பேர். பாடம் தொடங்கி 5 நிமிடத்தில் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. கத்தினால் ஒரு நிமிடம் அமைதி, அப்புறம் மறுபடியும் அதே இரைச்சல். லீடரை விட்டுப் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வைத்தேன். மூன்று நாள் வேலை செய்தது. இப்போது பெயர் எழுதியதற்காகவே சண்டை. பக்கத்து வகுப்பு சார், "மேசை மேல பிரம்பு இருந்தாலே போதும், எடுக்கக்கூட வேண்டாம்" என்கிறார். வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

14 ஜூன் 2025, இரவு

தம்பி, பிரம்பு வேண்டாம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். முதலில் அந்தப் பெயர்ப் பட்டியலை நிறுத்துங்கள்.

நான் தமிழாசிரியை. போளூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி, 19 வருடம் ஆகிறது. அதில் முதல் 10 வருடம் நானும் பட்டியல் எழுத வைத்தவள்தான். போர்டின் வலது ஓரத்தில் ஒரு கோடு, அதற்கு மேலே "பேசியவர்கள்" என்று தலைப்பு. பெயருக்குப் பக்கத்தில் "மி" என்றால் மிகவும் பேசினான். "மி.மி.மி." என்றால் மிக மிக மிக. அதற்கும் மேலே போனால் "அடங்கவில்லை". இது எந்த ஊர்ப் பள்ளியிலும் இருக்கிற எழுத்துமுறை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

2016இல் ஒருநாள் மதியம் வகுப்புக்குள் போனேன். பட்டியலில் முதல் பெயர் ஒரு பையனுடையது, பக்கத்தில் "அடங்கவில்லை". அவனை எழுந்து நில் என்றேன். யாரும் எழவில்லை. அவன் அன்றைக்கு லீவு. காலை வருகைப்பதிவில் நானே "வரவில்லை" என்று போட்டிருந்தேன். லீடர் பெண்ணைக் கேட்டேன். பயந்துபோய், "அவன் தினமும் பேசுவான்ல டீச்சர், அதான் முதல்லயே எழுதிட்டேன்" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பையன் பெயர் போர்டில் இருக்க அவன் வகுப்பில் இருக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது. அதற்கு முந்தைய வாரங்களை நினைத்துப் பார்த்தேன். அதே நாலு பெயர். நாலும் பையன்கள். நாலு பேரும் கடைசி இரண்டு பெஞ்சு. முதல் பெஞ்சுப் பிள்ளைகள் நெல்லிக்காய் கொடுத்துப் பெயரை அழிக்கச் சொல்வார்கள் என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு டஸ்டரால் அந்தக் கோட்டை அழித்தேன். அதற்கப்புறம் போடவில்லை.

15 ஜூன் 2025

நேற்று எழுதியதைப் படித்தால் "நிறுத்து" என்று மட்டும்தான் இருக்கிறது, செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. அதனால் இது.

நீங்கள் வகுப்புக்குள் எப்போது போகிறீர்கள்? பெல் அடித்து 4 நிமிடம் கழித்து என்றால், அந்த 4 நிமிடம் பிள்ளைகளுடையது. திரும்ப வாங்க 15 நிமிடம் ஆகும். முந்தின பீரியடு முடிகிறபோதே வாசலில் நில்லுங்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பாருங்கள். யார் அழுதிருக்கிறார்கள், யார் சண்டை போட்டுவிட்டு வருகிறார்கள் என்பது அங்கேயே தெரியும். உள்ளே வந்ததும் செய்ய ஒரு வேலை போர்டில் தயாராக இருக்கட்டும். சின்னதுதான்: நேற்றுப் படித்ததிலிருந்து 2 கேள்வி, ஒரு படம். அதைச் செய்துகொண்டிருக்கிறபோது நீங்கள் எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) வருகைப்பதிவை முடித்துவிடலாம். இல்லாவிட்டால் நீங்கள் போனில் நெட் கிடைக்காமல் தவிக்கிற நேரம் முழுவதும் 41 பேருக்கு வேலை இல்லை.

அப்புறம், முதுகைக் காட்டி நீளமாக எழுதாதீர்கள். பி.எட்.டில் ஜேக்கப் கௌனின் பெயர் வந்திருக்கும். அமெரிக்க உளவியல் பேராசிரியர். வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனைக் கண்டித்தாராம். கண்டிப்புக்கு ஆளாகாத மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். கண்டிக்கிற விதத்தில்தான் நல்ல ஆசிரியர் வேறுபடுகிறார் என்று தேடிப் போனவருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கத்தினாலும் மெதுவாகச் சொன்னாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழப்பம் வருவதற்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்திக்கொண்டே இருப்பதுதான் அவர் கண்டதில் முக்கியமானது. 1970இல் புத்தகமாக வந்தது. நம் ஊரில் "அந்த டீச்சருக்கு முதுகிலும் கண்ணு" என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதுதான்.

17 ஜூன் 2025

இன்னொன்று விட்டுப்போனது. கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். 3 நொடி காத்திருக்கப் பழகியதும் பதில் நீண்டது, வழக்கமாக வாய் திறக்காதவர்கள் பேசினார்கள், கண்டிக்க வேண்டிய நேரமும் குறைந்தது.

நான் மனசுக்குள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணுவேன். முதல் வாரம் அந்த 3 நொடி 3 நிமிடம் போல இருந்தது.

22 ஜூன் 2025

மேலே ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார்: "நாங்கள் அடி வாங்கித்தான் படித்தோம். கெட்டா போனோம்? அடியாத மாடு படியாது."

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை. ஆனால் இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இளம் ஆசிரியர்கள் இதைப் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003இலேயே கல்வி விதிகளில் திருத்தம் வந்து உடல்தண்டனை தடை செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு உடல்தண்டனை, மனத்துன்புறுத்தல் இரண்டையும் தடுக்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம், உடல்தண்டனையை ஒழிப்பதற்கான தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஆகவே மேசை மேல் பிரம்பு வைக்கலாமா என்று கேட்கவே இடமில்லை.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2008. என் இரண்டாம் வருடம். வீட்டுப்பாடம் எழுதாத ஒரு பையன். அவன் அப்பா முதல் வாரம் வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த எடத்துல தோலை உரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மர ஸ்கேலை எடுத்தேன். கையை நீட்டு என்றேன். இடதுகையை நீட்டினான். வலதுகை என்றேன். மறுபடியும் இடதுகை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எதிர்த்து நிற்கிறான் என்று நினைத்தேன். அவன் வலதுகையைப் பிடித்து விரித்து ஒரே அடி. ஸ்கேலில் ஈரம் ஒட்டியது. அவன் விடுமுறையில் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனவன். உள்ளங்கையில் கொப்புளம். அது உடைந்திருந்தது. அவன் அழவில்லை. கையை மடக்கி நிக்கர் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். வலதுகையால் எழுத முடியாததால்தான் வீட்டுப்பாடம் எழுதவில்லை.

தடை வந்து 5 வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன், எல்லோரும் செய்தார்கள் என்பதால். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு 4 நாள் ஆனது.

மாட்டு உவமைக்கும் ஒரு வார்த்தை. என் அப்பா உழவுமாடு வைத்திருந்தவர். புதுக்காளையை அடித்துப் பழக்கி நான் பார்த்ததில்லை. பழகின மாட்டோடு சேர்த்து நுகத்தில் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே நடப்பார்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கோதண்டம் என்று ஒன்று இருந்தது. உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றில் பையனைத் தொங்கவிடுவது. "அது இல்லாமல் எப்படிப் படிப்பு வரும்" என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள்.

23 ஜூன் 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 2008க்குப் பிறகு நான் கை ஓங்கவில்லை என்பது உண்மை. ஆனால் வாயால் அடித்தேன். பல வருடம். அதையும் அதே 17ஆம் பிரிவு தடுக்கிறது என்று தெரியாமலே.

"நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று ஒரு பையனிடம் சொன்னேன். அவன் கிண்டலே இல்லாமல், "மேய்ச்சுக் கட்டிட்டுத்தான் டீச்சர் வரேன்" என்றான். காலை 5 மணிக்கு எழுந்து 2 மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டு, பால் ஊற்றிவிட்டு, 9 மணிக்கு வகுப்பில் இருக்கிறவன். நான் திட்டுவதாக நினைத்துச் சொன்னது அவனுக்கு அவன் வேலை.

13 ஜூலை 2025

'ப' வடிவத்தில் பெஞ்சு போடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்து, உடனே நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். மலையாளப் படம் ஒன்று கேரளத்தில் இதைப் பேசவைத்தது, அங்கிருந்து இங்கே வந்தது. கடைசி பெஞ்சு என்ற ஒன்றே இருக்கக்கூடாது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. சுற்றறிக்கைக்கு முன்பே, 2022இல், நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கள் அறை 20 அடிக்கு 20 அடி. 38 பேரை 'ப'வாக உட்கார வைத்தால் இரண்டு சுற்று வரும். உள்சுற்று, வெளிச்சுற்று. கடைசி பெஞ்சு போய் வெளிச்சுற்று வந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்தவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே இருந்தார்கள். 8ஆம் வகுப்புக்கு 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 25 பேர் உள்ள வகுப்பில் 'ப' நன்றாக இருக்கும்.

இப்போது செய்வது: பெஞ்சு அப்படியே இருக்கும், நான் நகர்வேன். வாரத்தில் இரண்டு நாள் பின்சுவரில் சாய்ந்து நின்று பாடம் நடத்துவேன். யார் வாசிக்கிறார்கள், யார் விரலைச் சும்மா நகர்த்துகிறார்கள் என்று பின்னாலிருந்துதான் தெரிகிறது.

உட்காரும் இடத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும் என்று சிலர் இங்கே எழுதுகிறார்கள். நானும் ஒரு வருடம் விட்டேன். ஜூலை முடிவதற்குள் வகுப்பு தெருவாரியாகப் பிரிந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஊரில் தெரு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நாங்குநேரியில் மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறது. கையில் வண்ணக்கயிறு கூடாது என்றும் சொல்கிறது. கயிற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அகரவரிசையை நான் அந்த வருடமே பிடித்துக்கொண்டேன். ஒழுங்கு என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார மறுப்பதுதான் என் வகுப்பில் நடக்கக்கூடிய பெரிய ஒழுங்கீனம். அதோடு ஒப்பிட்டால் பேசுவது ஒன்றுமே இல்லை.

26 ஜூலை 2025

தம்பி, நீங்கள் கேட்டது: "ஒரே ஒருவன் வகுப்பைக் கெடுக்கிறான், அவனை மட்டும் என்ன செய்ய?"

எனக்கும் ஒருவன் இருக்கிறான், இந்த வருடம்தான். கதவோரம் உட்காருவான். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை, இவன் பாட்டியோடு. பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், பேனாவைப் பிடுங்குவான், பூனை மாதிரிக் கத்துவான். ஜூனில் 3 வாரம் அவனை "வெளியே போய் நில்" என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்து, அவன் சேட்டை செய்கிற நேரத்தை மட்டும் பாடக்குறிப்பேட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன்.

6 நாள் குறிப்பு. 6 நாளும் ஒரே மாதிரி. நான் பாடத்தைப் பத்தி பத்தியாக வரிசையில் வாசிக்கச் சொல்வேன். முறை அவனுக்கு வருவதற்கு 2 பேர் முன்னால் அவன் யாரையாவது கிள்ளுவான். கிள்ளு வாங்கினவன் "டீச்சர்!" என்று கத்துவான். நான் "வெளியே போ" என்பேன். அவன் போய்விடுவான். முறை அடுத்தவனுக்குப் போய்விடும். பத்தியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. எழுத்துகள் பாதி தெரியும். கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் நின்றுவிடுவான். கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது அவன் 3ஆம் வகுப்பு. வகுப்பு முழுவதற்கும் முன்னால் அது தெரிவதைவிட வெளியே நிற்பது அவனுக்கு எவ்வளவோ மேல். நான் தண்டனை என்று கொடுத்தது அவன் கேட்டு வாங்கியது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். சேட்டை எப்போது வருகிறது என்று குறித்துப் பாருங்கள். எந்த வேலைக்கு முன்னால் வருகிறது, அதைச் செய்ததால் அவன் எதிலிருந்து தப்பிக்கிறான் என்று பாருங்கள். உங்கள் வகுப்பில் அது கணக்காக இருக்கலாம், படம் வரைவதாக இருக்கலாம்.

பட்டியல் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த லீடர் யார்? திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான். ஆனால் சட்டாம்பிள்ளை பெயர் எழுத மட்டும் இருந்தவன் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்து சொல்லிக்கொடுத்தவன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியில் 8 வயதுப் பையன் ஒருவனை வைத்தே மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். இங்கிலாந்து போய் 1797இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அங்கே பரவியது. நம்மிடமிருந்து போன பாதி அது. நம் வகுப்பில் தங்கியது மீதி பாதி, பெயர் எழுதுகிற பாதி.

அதனால் ஜூலை 14லிருந்து என் லீடருக்குச் சாக்பீஸ் கிடையாது. வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், தடுமாறுகிறவர் ஒருவர் என்று ஜோடி. தினமும் 10 நிமிடம். நன்றாகப் போகிறது.

10 ஆகஸ்ட் 2025

நன்றாகப் போகவில்லை. மேலே எழுதியதை நம்பி யாராவது ஜோடி போட்டிருந்தால் இதைப் படியுங்கள்.

கதவோரப் பையனுக்கு முதல் ரேங்க் பெண்ணை ஜோடியாக்கினேன். அவள் ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தித் திருத்தினாள், சத்தமாக. "ழ, ள இதுகூடவா தெரியாது? எங்க தம்பிக்கே தெரியும்." வியாழக்கிழமை அவன் அவளுடைய நோட்டைக் கிழித்துவிட்டான். அவள் அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். தலைமை ஆசிரியர் டி.சி. பேச்சையே எடுத்தார்.

தப்பு என்னுடையது. அவன் ஒளித்து வைத்திருந்ததை அவளிடம் நானே கொடுத்தேன். கிழித்த நோட்டுக்கு அவன் பொறுப்பு. புது நோட்டில் 12 பக்கம் அவன் உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொடுத்தான். பார்த்து எழுத அவனுக்கு நன்றாக வரும், கையெழுத்து அழகு. அந்தப் பெண்ணோடும் தனியாகப் பேசினேன். அவள் செய்ததும் நோட்டைக் கிழிப்பதற்குக் குறைந்ததில்லை. எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் வந்திருக்காது.

11 ஆகஸ்ட் 2025

இன்று அவன் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. சேட்டையும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

30 ஆகஸ்ட் 2025

எங்கள் பள்ளியில் 1 முதல் 8 வரை ஒரே வளாகம் என்பது இப்போது உதவுகிறது. புதன், வெள்ளி கடைசி பீரியடில் அவனை 2ஆம் வகுப்புக்கு அனுப்புகிறேன். அங்கே எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அட்டைகள், கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. இவன் "அண்ணா". 4 குட்டிகளை உட்கார வைத்துக் கதை வாசித்துக் காட்ட வேண்டும். பெரிய எழுத்து, பக்கத்துக்கு 2 வரி. முந்தின நாள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பாட்டிக்கு வாசித்துக் காட்டிப் பழகிவிட்டு வருகிறான். குட்டிகளில் ஒன்று "அண்ணா, நீங்க மெதுவா படிக்கிறீங்க, நல்லா இருக்கு" என்றதாம்.

இந்த வருடம் 6 முதல் 9 வரை 'திறன்' என்று அடிப்படைக் கற்றல் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். தேவையான திட்டம், பல வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் கவனம். எங்கள் பள்ளியில் இரண்டே வாரத்தில் "நீ திறன் க்ளாஸ்தானே" என்பது வசவாகிவிட்டது. நான் வகுப்பில் எல்லோருக்கும் அதே பயிற்சித்தாளைக் கொடுக்கத் தொடங்கினேன். நன்றாகப் படிக்கிறவர்கள் 5 நிமிடத்தில் முடித்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். தாள் ஒன்றுதான் என்றானதும் பேச்சு குறைந்தது.

மூன்றாம் பீரியடில் மட்டும் ஏன் சண்டை அதிகம் என்று கேட்டவருக்கு: அது பசி. காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடு நிற்கிறது. 2022இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் வளாகத்தில் காலையில் தம்பி தங்கைகள் பொங்கலும் சாம்பாரும் சாப்பிடுவார்கள். கூட்டிக்கொண்டு வந்த அண்ணன் தூணில் சாய்ந்து நிற்பான். அவன் 11 மணிக்குச் சிடுசிடுப்பான், 12 மணிக்குச் சண்டை போடுவான். நான் இலக்கணத்தை மூன்றாம் பீரியடிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த நேரம் செய்யுளைச் சேர்ந்து பாடுவோம். இடைவேளையில் வேர்க்கடலை உருண்டை டப்பா ஒன்று மேசையில் இருக்கும், யாரும் கேட்காமலே எடுக்கலாம். இதெல்லாம் ஓர் ஆசிரியை டப்பாவால் தீர்கிற விஷயம் இல்லை. 8 வரைக்கும் காலை உணவு வர வேண்டும்.

14 செப்டம்பர் 2025

மகனுக்கு "இனி வகுப்பில் பேச மாட்டேன்" என்று 100 முறை எழுதக் கொடுத்தார்கள், சரியா என்று கேட்ட அம்மாவுக்கு: சரியில்லை. எழுதுவதைத் தண்டனையாக்கினால் எழுதுவதையே வெறுப்பான். போய்ச் சண்டை போடாமல், வகுப்பாசிரியரிடம் அவன் எந்தப் பாடத்தில், எப்போது பேசுகிறான் என்று மட்டும் கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பலாம். பையனுக்கு நேரடியாகப் பேச வேண்டும் என்றால் 14417 என்ற இலவச எண் இருக்கிறது, மாணவர்களே கூப்பிடலாம்.

5 அக்டோபர் 2025

காலாண்டு விடுமுறை. விடைத்தாள்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஜூலை 26இல் எழுதியதை மாற்ற வேண்டியிருக்கிறது.

சேட்டை செய்கிறவனைத் தேடித் தேடி எழுதினேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் இருக்கிறாள். ஜூனிலிருந்து ஒருமுறைகூட நான் அவளைக் கண்டித்ததில்லை. கை கட்டி உட்காருவாள். சொன்னதை எடுப்பாள், சொன்ன பக்கத்தைத் திருப்புவாள். வரிசையில் வாசிக்கும்போது முன்னால் வாசித்தவளின் குரலைக் கேட்டு மனப்பாடமாகவே இரண்டு வரி சொல்லிவிடுவாள். விடைத்தாளில் கேள்விகளை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள், வரிசை பிசகாமல், பதில் இருக்கவேண்டிய இடத்தில். 4 பக்கம். அவளுக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

கதவோரப் பையன் கிள்ளியதால்தான் என் கண்ணில் பட்டான். இவள் அடங்கியிருந்ததால் 4 மாதம் போயிற்று. தம்பி, நீங்கள் "அடங்க மாட்டேன் என்கிறது" என்று தலைப்பு வைத்தீர்கள். நானும் அதற்குள்ளேயே நின்று பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அமைதியாக இருக்கிறவர்களையும் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் ஒருமுறையாவது உங்களுக்குப் பக்கத்தில் வந்து தனியாக 5 வரி வாசிக்கட்டும். 41 பேர், நாளுக்கு 8 அல்லது 9 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம். நான் விடுமுறை முடிந்ததும் தொடங்குகிறேன்.

9 நவம்பர் 2025

தம்பி எழுதியதைப் படித்தேன். வாசலில் நிற்கிறீர்கள், போர்டில் வேலை எழுதி வைக்கிறீர்கள், இரைச்சல் பாதியாகிவிட்டது, ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு இன்னும் சந்தைக்கடை. எனக்கும் அப்படித்தான். வெள்ளி கடைசி பீரியடில் நான் புதுப்பாடம் எடுப்பதில்லை.

தனியாக வாசிக்க வைப்பது 4 வாரம் ஓடிவிட்டது. மூன்றாம் பெஞ்சுப் பெண் இப்போது 1ஆம் வகுப்பு அட்டையில் இருக்கிறாள். போன வாரம் முதல்முறையாக "தெரியல டீச்சர்" என்றாள். இதுவரை அவள் வாயில் வராத வார்த்தை.

கதவோரப் பையன் தீபாவளிக்கு அப்பா அம்மாவோடு பெங்களூர் போனவன், 2 வாரமாகத் திரும்பவில்லை. எமிஸில் தொடர்ந்து வராதவர் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. பாட்டி போன் எடுக்கவில்லை. நாளைப் பள்ளி விட்டதும் வீட்டுக்கே போகிறேன்.

10 நவம்பர் 2025

போனேன். பாட்டி இருந்தார். அப்பாவுக்குச் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிவு, பையன் அங்கேயே சித்தாள் வேலைக்குப் போகிறான் என்றார். 13 வயது. அப்பாவிடம் பேசினேன். "ஒரு மாசம் டீச்சர்" என்றார். ஒரு மாதம் என்றால் அரையாண்டு. கல்வி உரிமை, குழந்தைத் தொழிலாளர் எல்லாம் சொன்னேன்; அவர் மறுக்கவில்லை, பேசாமல் இருந்தார். தலைமை ஆசிரியரிடமும் வட்டார வளமைய ஆசிரியப் பயிற்றுநரிடமும் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாண்மைக் குழுத் தலைவியின் தம்பி பெங்களூரில் அதே பக்கம் இருக்கிறாராம். நேரில் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது பாட்டி உள்ளே போய் ஒரு புத்தகம் எடுத்து வந்தார். 2ஆம் வகுப்புக் கதைப் புத்தகம், பள்ளி முத்திரை உள்ளது. "இதைத் திருப்பிக் குடுக்காம போயிட்டான், திட்டாதீங்க" என்றார். அதை அங்கேயே வைத்திருங்கள் என்றேன்.

23 நவம்பர் 2025

பலர் கேட்டிருக்கிறீர்கள். வியாழக்கிழமை வந்துவிட்டான். தனியாக, ராத்திரி பஸ்ஸில். ஊர் சேர்ந்து 4 மூட்டை அரிசியும் கொஞ்சம் பணமும் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா மட்டும் வேலைக்குப் போகிறார். விரல் இடுக்கெல்லாம் சிமென்ட் அரித்திருக்கிறது. வகுப்பில் நுழைந்து 10 நிமிடத்தில் பக்கத்துப் பையனின் பேனாவைப் பிடுங்கினான். நான் பக்கத்தில் போய் நின்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை 2ஆம் வகுப்புக்கு அனுப்பினேன். 4 குட்டிகள் இப்போது 7 ஆகியிருக்கின்றன.